இது எந்தக் கட்டெறும்பு? போன் கேமரா, லென்ஸ், ஊசி, டி.என்.ஏ.: எதில் இறங்குவது

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கழுதை எந்தக் கட்டெறும்பாக ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். முருங்கை மரத்தடியில் குழி பறித்து வாழும் பெரிய கறுப்பு எறும்பையும் கட்டெறும்பு என்கிறோம். மொட்டை மாடிச் சுவரில் ஒற்றையாகத் திரிந்து, தொட்டால் சுரீர் என்று வைக்கிறதே, அதையும் அப்படித்தான் சொல்கிறோம். கரையான் புற்றைத் தேடிப் பட்டாளம் போல வரிசை கட்டிப் போவதும் பல ஊர்களில் கட்டெறும்புதான். காய்ந்த மரத்தில் ஓடும் சிவப்பும் கறுப்பும் கலந்த ஒன்றுக்கும் சில இடங்களில் இதே பெயர். பெயர் ஒன்று, எறும்பு குறைந்தது நான்கு.

அதனால்தான் "வீட்டில் ஒரு பெரிய எறும்பு, என்ன இனம்?" என்று ஒருவர் கேட்டால் உடனே அடுத்த கேள்வியும் வந்துவிடுகிறது. போனில் படம் எடுத்துச் செயலியில் போட்டால் போதுமா? லென்ஸ் வாங்க வேண்டுமா? பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு யாருக்காவது அனுப்ப வேண்டுமா? டி.என்.ஏ. பார்த்தால் ஒரேயடியாக முடிந்துவிடாதா? இந்த நான்கு வழிகளையும் நான் வெவ்வேறு சமயங்களில் முயன்றிருக்கிறேன். பணம், நேரம், தோல் மூன்றையும் கொஞ்சம் இழந்தும் இருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, பெயர் எதற்கு வேண்டும்? கடித்தால் ஆபத்தா என்று தெரிய வேண்டுமென்றால் பேரினம், அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி, வரை போனால் போதும். தோட்டத்தில் எந்தெந்த எறும்பு இருக்கிறது என்று பட்டியல் போடுபவருக்குச் சிற்றினம் வேண்டும். கல்லூரித் திட்டத்துக்கோ கட்டுரைக்கோ என்றால் சிற்றினத்தோடு, பிறகு வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க ஓர் உடலும் வேண்டும்.

இரண்டாவது, அந்த வழி எவ்வளவு ஆழம் போகும். 2016ல் வெளிவந்த இந்திய எறும்புப் பட்டியலில் 100 பேரினங்களும், துணையினங்களைச் சேர்த்து 828 இனங்களும் இருந்தன. பேரினத்தைப் பிடிப்பது 100ல் ஒன்றைப் பிடிப்பது. பெரிய எறும்புகள் என்று சுருக்கிக்கொண்டால் பத்துப் பதினைந்தில் ஒன்று. அதிலிருந்து சிற்றினத்துக்கு இறங்குவதுதான் மலையேற்றம். முருங்கை மரத்தடிக் கட்டெறும்பின் பேரினமான கேம்போனோட்டஸில் மட்டும் உலக அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன.

பிறகு செலவு, நேரம், எறும்பு சாகிறதா இல்லையா, கடைசியில் கையில் என்ன ஆதாரம் மிஞ்சுகிறது. கடைசியாகச் சொன்னதை யாரும் யோசிப்பதில்லை. "செயலி சொன்னது" என்பது ஆதாரம் ஆகாது. படம் ஓரளவு ஆதாரம். உடல் முழு ஆதாரம்.

இவற்றோடு ஒரு சின்ன எச்சரிக்கை. யாரையாவது எறும்பு கொட்டி, உதடு வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எறும்பின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

## எந்த வழியானாலும் முதலில் இடுப்பைப் பாருங்கள்

எறும்பைப் பார்த்ததும் நாம் கவனிப்பது நிறமும் அளவும். இரண்டுமே ஏமாற்றும். கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ் என்ற நம் சாதாரணக் கட்டெறும்பின் ஒரே கூட்டில் 7 மி.மீ. எறும்பும் இருக்கும், 15 மி.மீ. தடித் தலையனும் இருக்கும். இரண்டு இனம் என்று நினைத்து இரண்டு பெயர் தேடுபவர்கள் ஏராளம். நானும் தேடியிருக்கிறேன்.

ஏமாற்றாதது இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் அந்தக் கணுவைப் பக்கவாட்டில் பாருங்கள்.

கேம்போனோட்டஸ் என்றால் ஒரே கணு. செதிலை நிமிர்த்தி வைத்தது போல நிற்கும். மார்பின் முதுகு, கழுத்திலிருந்து இடுப்பு வரை மேடு பள்ளம் இல்லாமல் வில் போல ஒரே வளைவாக இருக்கும். வயிற்று நுனியில் கொடுக்கு கிடையாது. மயிர் சூழ்ந்த வட்டத் துளை ஒன்றுதான் உண்டு. தாடையால் கடித்துவிட்டு, வயிற்றை வளைத்து அந்தத் துளை வழியாகக் கடிவாயில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். எரிச்சல் அதனால்தான். நசுக்கினால் வரும் புளித்த நெடியும் அதுதான்.

டயகம்மா என்றாலும் ஒரே கணுதான். ஆனால் கணுவின் உச்சியில் பின்னோக்கிய இரண்டு முட்கள் இருக்கும். உடம்பு முழுக்க வரி வரியான பள்ளங்கள். கட்டைவிரல் ரேகையைக் கறுப்பு மெழுகில் பதித்தது போல இருக்கும். வயிற்று நுனியில் கொடுக்கு உண்டு. மொட்டை மாடிச் சுவரில் ஒற்றையாக நடப்பது பெரும்பாலும் இதுதான்.

டெட்ராபொனேரா ரூஃபோநைக்ராவில் இடுப்பில் இரண்டு கணுக்கள். தலையும் வயிறும் கறுப்பு, மார்பு செங்கல் நிறம், உடல் நீண்டு ஒடிசலாக இருக்கும். காய்ந்த கிளைக்குள் கூடு கட்டும். இதன் கொட்டு கடுமையானது. ஒவ்வாமை அதிர்ச்சி வரை போன சம்பவங்கள் ஆசியாவில் பதிவாகியுள்ளன.

வரிசை கட்டிப் போகும் பட்டாளம் லெப்டோஜெனிஸ் பிராசெஷனாலிஸ். ஒரு கணு, மெலிந்த உடல், கொடுக்கு உண்டு. லென்ஸில் கால் நகத்தைப் பார்த்தால் சீப்புப் பற்கள் தெரியும்.

ஒரு மொழிக் குறும்பும் இங்கே இருக்கிறது. தமிழில் தேள் கொட்டும், குளவி கொட்டும், எறும்பு மட்டும் கடிக்கும். டயகம்மாவும் டெட்ராபொனேராவும் உண்மையில் குளவி மாதிரி கொட்டுகின்றன. "கடித்ததா, கொட்டியதா" என்று கேட்டாலே பாதி அடையாளம் கிடைத்துவிடும். ஆனால் கடிபட்டவர் எப்போதும் "கடிச்சிடுச்சு" என்றுதான் சொல்வார்.

## முதல் வழி: போன் படமும் செயலியும்

செலவு கிட்டத்தட்ட இல்லை. எறும்பு சாகாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் படத்தைப் போட்டால் கணினி சில பெயர்களை முன்வைக்கும், பிறகு மனிதர்கள் வந்து திருத்துவார்கள். தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே சிற்றினத்தை ஒப்புக்கொண்டால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் என்று குறிக்கப்படும்.

சில எறும்புகளுக்கு இதைவிட ஒரு படி மேலே போகவே வேண்டாம். மலேசியா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் இரவில் திரியும் டைனோமிர்மெக்ஸ் கைகாஸ் அப்படி ஒன்று. சாதாரண வேலைக்காரி எறும்பு சுமார் 21 மி.மீ., பெரிய வேலைக்காரி சுமார் 28 மி.மீ. கறுத்த முன்னுடல், வெளிறிய செம்பழுப்பு வயிறு. 1802ல் பெயர் பெற்று நெடுங்காலம் கேம்போனோட்டஸில் கிடந்ததை 2016ல் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். கோலாலம்பூர் பக்கம் காட்டுக்குள் நடக்கும் உறவினர் வாட்ஸ்ஆப்பில் ஒரு மங்கல் படம் அனுப்பினாலும் சொல்லிவிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஹார்பெக்னாதஸ் சால்டேட்டரும் அப்படித்தான். முன்னால் நீண்டு மேல்நோக்கி வளைந்த தாடை, பெரிய கண்கள், நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் வழக்கம் எல்லாம் சேர்ந்து வேறு எதோடும் குழம்ப விடாது. தங்கப் பட்டுப் போர்த்தியது போன்ற வயிறுடைய கேம்போனோட்டஸ் செரிசியஸையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு, தவறான நம்பிக்கை. ஒரு நாள் மாலை மாடிச் சுவரில் ஊர்ந்த ஒன்றை மேலிருந்து படம் எடுத்தேன். போனில் அப்போது இருந்த ஒரு செயலி கேம்போனோட்டஸ் என்று அடித்துச் சொன்னது. கொடுக்கு இல்லாத எறும்புதானே என்று விரலில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த நொடி ஆள்காட்டி விரலின் கணுவில் பழுத்த ஊசி இறங்கியது போல இருந்தது. மேலிருந்து பார்த்தால் கேம்போனோட்டஸும் டயகம்மாவும் கறுப்பு, இரண்டும் ஒரு சென்டிமீட்டர். இடுப்பின் முட்கள் அந்தக் கோணத்தில் எனக்கும் தெரியவில்லை, செயலிக்கும் தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான்.

இரண்டாவது மறைசெலவு, சுற்றிச் சுற்றி வரும் ஒப்புதல். செயலி ஒரு பெயரை முன்வைக்கும், போட்டவர் அதையே தேர்ந்தெடுப்பார், ஒரு நண்பர் வந்து "சரி" என்று அழுத்துவார். இரண்டு பேர் சொன்னதாகக் கணக்கு. யாருமே எறும்பைப் பார்க்கவில்லை. கறுப்பு கேம்போனோட்டஸ் படம் எதைப் போட்டாலும் கம்ப்ரெஸ்ஸஸ் என்று முடிவதில் பாதி இந்த வகைதான் என்பது என் சந்தேகம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் மூன்று கோணம் கட்டாயம்: முகம் நேராக, பக்கவாட்டு, மேலிருந்து. ஆன்ட்வெப் தளத்தில் அருங்காட்சியக மாதிரிகளை இதே மூன்று கோணத்தில்தான் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், ஒப்பிட வசதி. ஓடும் எறும்பை எப்படி மூன்று கோணத்தில் எடுப்பது? ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் கேம்போனோட்டஸ் நின்று குடிக்கும், அந்த நேரம் போதும். டயகம்மாவுக்கு இந்த லஞ்சம் அவ்வளவாக எடுபடாது. அதைச் சின்ன டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நிமிடம் வைத்து எடுத்தால் கொஞ்ச நேரம் மரத்துப்போய் நிற்கும். ஃபிரீசரில் வைத்துவிடாதீர்கள். கீழே ஒரு கிராஃப் தாளை விரித்தால் மி.மீ. அளவும் சேர்ந்தே விழும். போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, இந்த வழியில் போகிறவருக்கு அந்தச் செலவு தகும்.

எட்டுக் கால் இருக்கிறதா என்றும் எண்ணிவிடுங்கள். மிர்மராக்னி வகைச் சிலந்திகள் முன்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டு எறும்பாகவே நடிக்கும். கறுப்பு எறும்பு வேடமும் உண்டு, முசுறு வேடமும் உண்டு.

## இரண்டாம் வழி: பத்து மடங்கு லென்ஸும் திறவுகோலும்

நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் அதே மாதிரி லென்ஸ்தான். கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு எறும்பை லென்ஸ் பக்கம் கொண்டுவர வேண்டும். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் லென்ஸை எறும்பின் மேல் நீட்டிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பார்கள்.

திறவுகோல் என்பது இரண்டிரண்டு கேள்விகளாக ஓடும் பட்டியல். இடுப்பில் ஒரு கணுவா, இரண்டா? ஒன்று என்றால் அடுத்த எண்ணுக்குப் போ. கொடுக்கு உண்டா, துளையா? இப்படி இறங்கி இறங்கி ஒரு பெயரில் நிற்கும். நம் பகுதிக்கு சி. டி. பிங்காம் 1903ல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதி இன்னமும் பயன்படுகிறது, காப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தென்னிந்திய எறும்புகளுக்கு அஜய் நரேந்திராவும் சுனில் குமாரும் 2006ல் எழுதிய கையேடு தொடங்குபவருக்கு இதைவிட எளிது.

என்னைக் கேட்டால் நான்கு வழிகளில் மிகவும் கற்றுத்தருவது இதுதான். செயலி பெயரைக் கொடுக்கும், காரணத்தைக் கொடுக்காது. திறவுகோலில் ஒவ்வொரு படியும் காரணம். கேம்போனோட்டஸின் உணர்கொம்பு எங்கே முளைக்கிறது என்று நான் பார்த்ததே பிங்காமின் ஒரு வரி கேட்டதால்தான். மற்றப் பல எறும்புகளில் அது வாய்க்கு மேலுள்ள தகட்டின் விளிம்பை ஒட்டியே முளைக்கும், இதில் கொஞ்சம் தள்ளி முளைக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு நூறடித் தூரத்து எறும்பிலும் கண் அங்கேதான் போகும், தெரியாது என்றாலும்.

மறைசெலவுகள் இரண்டு. ஒன்று, பழைய பெயர்கள். பிங்காமில் டெட்ராபொனேரா என்று தேடினால் கிடைக்காது, அங்கே அதன் பெயர் சைமா. லெப்டோஜெனிஸ் பிராசெஷனாலிஸ் அங்கே லோபோபெல்டா. திறவுகோல் தரும் பெயரை ஆன்ட்கேட் தளத்தில் போட்டு இன்றைய பெயர் என்ன என்று பார்த்தே தீர வேண்டும். இரண்டு, விட்டுப்போன இனங்கள். 1903க்குப் பிறகு கண்டுபிடித்தவை அந்தத் திறவுகோலில் இருக்க முடியாது. ஆனால் திறவுகோல் "தெரியாது" என்று ஒருபோதும் சொல்லாது, இருக்கும் பெயர்களில் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்திவிடும். அங்கே நின்றதும் அந்த இனத்தின் முழு விவரணையைப் படித்து, மயிர், நிறம், அளவு, இடம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

பத்து மடங்கு லென்ஸ் பேரினத்துக்குத் தாராளம். சிற்றினத்துக்கு நாற்பது மடங்காவது காட்டும் இருகண் நுண்ணோக்கி வேண்டும். அது ஆயிரங்களில் போகும். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் தூசி படிந்து ஒன்று இருக்கும், கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.

## மூன்றாம் வழி: மாதிரி எடுத்து நிபுணருக்கு அனுப்புவது

இதில் எறும்பு சாகும். ஆயிரக்கணக்கில் இருக்கும் கம்ப்ரெஸ்ஸஸ் கூட்டில் ஐந்தாறு வேலைக்காரிகளை எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஹார்பெக்னாதஸ் கூட்டில் அப்படிக் கை வைக்க மாட்டேன், பல கூடுகளில் மொத்தமே சில பத்து எறும்புகள்தான். டயகம்மா இன்னொரு தினுசு. அதற்குச் சிறகு முளைத்த ராணியே கிடையாது. வேலைக்காரிகளில் ஒன்று முட்டையிடும் பதவியில் உட்கார்ந்துகொண்டு, புதிதாகப் பிறப்பவற்றின் மார்பிலுள்ள மொட்டுப் போன்ற உறுப்பைக் கடித்து எறிந்து, அவை போட்டிக்கு வராமல் பார்த்துக்கொள்ளும். எனவே டயகம்மா கூட்டைத் தோண்டி "ராணியைக் காணோம்" என்று தேடுவது வீண், கூட்டுக்கும் கெடுதல். வெளியே இரை தேடித் திரிபவற்றில் இரண்டு மூன்று போதும்.

எடுக்கும்போது ஒரே கூட்டிலிருந்து சிறியதும் பெரியதும் சேர்த்து எடுக்க வேண்டும். கேம்போனோட்டஸில் சிற்றின அடையாளங்கள் பலவும் பெரிய வேலைக்காரியின் தலையில்தான் இருக்கும். 70 சதவீத ஆல்கஹால் வழக்கம். மருந்துக்கடை ஸ்பிரிட் அவசரத்துக்குச் சில நாள் தாங்கும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் கரைந்து, வெள்ளைச் சீட்டும் நீலத் தண்ணீரும்தான் மிஞ்சும்.

பெரிய எறும்புதானே, வண்ணத்துப்பூச்சி மாதிரி நேராக ஊசியால் குத்திவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். ஊசி இறங்கும் இடம் மார்பு, நிபுணர் பார்க்க வேண்டிய பாதி அடையாளம் அங்கேதான் இருக்கிறது. தடித்த காகிதத்தை முக்கோணமாக நறுக்கி, அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்தி, கூர்முனையில் துளிப் பசை வைத்து, எறும்பின் நடுக்கால், பின்கால் அடிப்பகுதிகளுக்கு இடையே ஒட்ட வேண்டும். இடுப்பைப் பசை மூடக் கூடாது. கீழே லேபிள்: ஊர், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், தேதி, எடுத்தவர் பெயர், என்ன மாதிரி இடம். லேபிள் இல்லாத எறும்பு, எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும், நிபுணருக்குக் குப்பைதான்.

காத்திருப்புதான் இதில் பெரிய செலவு. எறும்பு வகைப்பாட்டில் இறங்கி வேலை செய்பவர்கள் நாட்டில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்திய விலங்கியல் ஆய்வகம், பெங்களூரின் ஏட்ரீ போன்ற இடங்களுக்கு முதலில் கடிதம் எழுதி, நல்ல பக்கவாட்டுப் படமும் சேர்த்து அனுப்பி, அவர்கள் சரி என்ற பிறகு பெட்டியை அனுப்புவதே மரியாதை. பதில் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை மாதிரியைக் காப்பது உங்கள் பாடு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், சின்ன வண்டுகள் அரிக்கும். நான் உலர வைத்த ஒரு கட்டெறும்பை ராத்திரியோடு ராத்திரியாகச் சித்தெறும்புகள் தலை வேறு உடல் வேறாகக் கழற்றி எடுத்துப் போய்விட்டன. அன்று முதல் அட்டைப் பெட்டியை, அம்மா அதிரச டப்பாவை வைப்பது போல, தண்ணீர்த் தட்டின் நடுவேதான் வைக்கிறேன்.

சட்டமும் உண்டு. சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு எதிலும் அனுமதியில்லாமல் ஓர் எறும்பைக்கூட எடுக்க முடியாது. வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் குறுக்கே வரும், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்காமல் தபாலில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில் இந்தச் சிக்கல் இல்லை.

## நான்காம் வழி: டி.என்.ஏ.

ஒரு கால் போதும். அதிலிருந்து சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து, அந்த எழுத்து வரிசையைத் தரவுச் சேமிப்பில் உள்ளவற்றோடு ஒப்பிடுவார்கள். கடைப் பொருளின் பட்டைக்கோடு மாதிரி என்று சொல்லப்படுவதால், வைத்ததும் பெயர் விழும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

விழாது. கடையில் அந்தப் பொருளை முன்பே கணக்கில் ஏற்றியிருந்தால்தான் பட்டைக்கோடு வேலை செய்யும். நம் பகுதி எறும்புகளில் பலவற்றுக்குச் சேமிப்பில் சரியான பெயரோடு வரிசை இல்லை. இருப்பதிலும், முதலில் ஏற்றியவர் இடுப்பைச் சரியாகப் பார்க்காமல் பெயர் போட்டிருந்தால் உங்கள் எறும்புக்கும் அதே தப்புப் பெயர் வரும், அதுவும் "99 சதவீதப் பொருத்தம்" என்ற மிடுக்கோடு. உண்மையான மரபணுவுக்குப் பதில் அதன் செயலிழந்த நகல் வாசிக்கப்பட்டு முடிவு குழம்புவதும் எறும்புகளில் நடப்பதுதான்.

செலவு ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் வரை போகலாம். 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமான எத்தனால் வேண்டும், அது கடையில் சும்மா கிடைக்காது, கல்லூரி ஆய்வகம் வழியாகத்தான். தீப்பற்றும் திரவம் என்பதால் கூரியரில் வாங்க மாட்டார்கள். எல்லாம் செய்து முடித்தாலும் மீதி உடலை ஊசியில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வரிசை எந்த எறும்புடையது என்று யாருக்கும் காட்ட முடியாது. ஆக இது மூன்றாம் வழிக்கு மாற்று இல்லை, அதன் மேல் ஏறும் கூடுதல் செலவு.

அப்படியானால் எப்போது தகும்? இரண்டு இடங்களில். சிறிய எறும்பும் பெரிய எறும்பும் ஒரே இனமா என்று உறுதி செய்ய, கூடு தெரியாமல் தனித்தனியாகப் பிடித்தபோது. அல்லது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகவே தெரியும் எறும்புகளுக்குள் இரண்டு இனம் ஒளிந்திருக்கிறதா என்று ஒரு நிபுணரே சந்தேகப்படும்போது.

## ஒரே பார்வையில்

| | போன் படம், செயலி | லென்ஸ், திறவுகோல் | மாதிரி, நிபுணர் | டி.என்.ஏ. |
|---|---|---|---|---|
| எவ்வளவு ஆழம் | பேரினம். தனித்துத் தெரிபவற்றில் சிற்றினம் | பேரினம் உறுதி. நுண்ணோக்கி இருந்தால் சிற்றினம் | சிற்றினம் | சேமிப்பில் இருந்தால் சிற்றினம் |
| பணம் | இல்லை, அல்லது சில நூறு | சில நூறு; நுண்ணோக்கிக்கு ஆயிரங்கள் | ஊசி, பெட்டி, தபால் | மாதிரிக்குச் சில ஆயிரம் வரை |
| நேரம் | நிமிடங்கள் முதல் நாட்கள் | ஒரு மாலைப்பொழுது | மாதங்கள் | வாரங்கள் முதல் மாதங்கள் |
| எறும்பு | பிழைக்கும் | குளிர வைத்துப் பார்த்தால் பிழைக்கும் | சாகும் | சாகும் |
| மிஞ்சும் ஆதாரம் | படம் | உங்கள் குறிப்பு | உடல் | உடலும் வரிசையும் |
| மறைசெலவு | பொய்யான உறுதி | பழைய பெயர்கள் | பராமரிப்பு, அனுமதி | தவறான சேமிப்பு, எத்தனால் |

## யாருக்கு எது

குழந்தை விளையாடும் இடத்தில் எறும்பு, ஆபத்தா என்று பார்ப்பவருக்குப் பக்கவாட்டுப் படம் ஒன்று போதும். ஒற்றைக் கணு, வில் போன்ற முதுகு என்றால் நிம்மதி. இரண்டு கணு, செங்கல் நிற மார்பு என்றால் அந்தக் காய்ந்த கிளையை இன்றே அப்புறப்படுத்துங்கள், வெறுங்கையால் அல்ல.

தோட்டத்துப் பட்டியல் போடுபவருக்கு லென்ஸும் படமும் சேர்த்து. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன், செயலியைக் கடைசியில் மட்டும் திறக்கச் சொல்லி. பட்டப்படிப்புத் திட்டம் என்றால் முதல் நாளிலிருந்தே மாதிரி எடுத்து வைப்பது தவிர வழியில்லை. திட்டம் முடியும் நேரத்தில் வழிகாட்டி "எறும்பு எங்கே?" என்று கேட்பார்.

புது இனமாக இருக்குமோ என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை. சமவெளியில் பெரிய கறுப்பு எறும்புக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கம்ப்ரெஸ்ஸஸுக்குப் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1787லேயே பெயர் வைத்துவிட்டார். இயற்கையியலாளர் ஜெர்டன் 1851ல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்டபோது ஹார்பெக்னாதஸ் சால்டேட்டர், டெட்ராபொனேரா ரூஃபோநைக்ரா, லெப்டோஜெனிஸ் பிராசெஷனாலிஸ் மூன்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டார். புதியவை பெரும்பாலும் சின்ன எறும்புகளில் வருகின்றன. 2024ல் அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கிலிருந்து விவரிக்கப்பட்ட நீல நிற பாராபாராட்ரெகினா நீலாவின் நீளம் 2 மி.மீ.கூட இல்லை.

அப்படியும் நிபுணர் "இதற்குப் பெயர் இல்லை" என்று எழுதினால் வேலை வேறு வகையாக மாறும். ஒரே ஓர் உடலை முதன்மை மாதிரியாகக் குறிக்க வேண்டும். தலை அகலம், தலை நீளம், உணர்கொம்பின் முதல் கணு நீளம் எல்லாம் அளந்து, நெருங்கிய உறவினங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி வெளியிட்டு, அந்த உடலை நிரந்தர சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதில் இறங்குபவர்களை மற்ற வகைப்பாட்டாளர்கள் சும்மா விடமாட்டார்கள்.

என் விரலைக் கொட்டியது இன்னும் என்னிடம் இருக்கிறது. கொட்டிய கையோடு டப்பாவில் அடைத்துவிட்டேன். முக்கோண அட்டையில் ஒட்டி, இடுப்பின் இரண்டு முட்களும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். லேபிளில் ஊரும் தேதியும் இருக்கிறது. பெயர் வரியில் "டயகம்மா" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் சிற்றினத்துக்கு இடம் விட்டிருக்கிறேன், பென்சிலால்.